ஒரு படம் வரைய எத்தனை நேரம்? – ஓவியர் டர்னரின் வாழ்க்கை

பொங்கல் விழாவன்று நம் கிளப் ஹவுஸில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வாட்டர்கலர் ஓவியம் செய்துகாட்ட வந்திருந்த அம்மையார், நம் நுழைவாயில் வேப்பமரத்தை முக்கால் மணி நேரத்தில் வரைந்து முடித்தார். குழந்தைகள் கைதட்டினார்கள். அந்தப் படத்தைச் சங்கத்துக்கே வாங்கி லாபியில் மாட்டலாம் என்று முடிவானது. அவர் 3,000 ரூபாய் கேட்டார். முக்கால் மணி நேர வேலைக்கு இவ்வளவா என்று பேரம் பேசி 2,000 ரூபாயில் முடித்தவன் நான்தான். பொருளாளர் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அடுத்த மாதம் லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வந்திருந்தான். அவன் பர்ஸில் இருந்த 20 பவுண்டு நோட்டு ஒன்றைப் பார்க்கக் கொடுத்தான். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்த பழக்கம், எந்த நோட்டைக் கண்டாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஒரு பக்கம் ராணி. மறுபக்கம் ஓர் இளைஞரின் முகம், பின்னால் ஒரு பாய்மரக் கப்பல், ஒரு கையெழுத்து. யாரப்பா இது, பிரதம மந்திரியா என்று கேட்டேன். இல்லை மாமா, டர்னர் என்று ஒரு ஓவியர், வாட்டர்கலரில் பெரிய ஆள் என்றான். ஒரு நாட்டின் வங்கி தன் நோட்டில் ஓவியரைப் போட்டிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டு, அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை நம் குடியிருப்பு அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முடிதிருத்தும் கடையில் தொங்கிய படங்கள்

ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர் 1775-ல் லண்டனில் கவென்ட் கார்டன் பகுதியில் மெய்டன் லேன் என்ற சிறிய தெருவில் பிறந்தார். அப்பா வில்லியம் முடிதிருத்துபவர், பொய்முடி செய்பவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கனவான்கள் பொய்முடி வைத்து அதற்கு மாவு போட்டுக்கொள்வார்கள். எனவே கடை ஓரளவு நன்றாகவே ஓடியது. வீட்டில்தான் நிம்மதியில்லை. அம்மாவுக்கு மனநோய். ஒரே தங்கை 1783-ல் இறந்துபோனாள். பையனைக் கொஞ்ச காலம் பிரென்ட்ஃபோர்டில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாமா இறைச்சிக் கடைக்காரர்.

பையன் எங்கே போனாலும் வரைந்துகொண்டே இருந்தான். அப்பா அதைத் தடுக்கவில்லை. மகன் வரைந்த படங்களைக் கடை ஜன்னலில் தொங்கவிட்டு ஒரு ஷில்லிங் முதல் மூன்று ஷில்லிங் வரை விற்றார். முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள்தான் டர்னரின் முதல் வாடிக்கையாளர்கள்.

கட்டடங்களை அளவு பிசகாமல் வரையும் வேலையை ஒரு வரைவாளரிடம் கற்றுக்கொண்டு, 1789-ல் 14 வயதில் ராயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருடமே அவருடைய வாட்டர்கலர் ஒன்று அகாடமியின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. லாம்பெத் அரண்மனையின் காட்சி அது. அப்போது அவருக்கு 15 வயது, இங்கே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் வயது.

மாலை ஆறு முதல் இரவு பத்து வரை

19 வயது ஆனபோது டர்னருக்கு ஒரு மாலை நேர வேலை கிடைத்தது. தாமஸ் மன்ரோ என்ற மனநோய் மருத்துவர் ஓவியங்களைச் சேகரிப்பவர். இளம் ஓவியர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, தன்னிடமிருந்த படங்களைப் பார்த்து நகலெடுக்கச் சொல்வார். அவற்றில் பல, ஜான் ராபர்ட் கோசன்ஸ் என்ற ஓவியர் இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் வரைந்தவை. கோசன்ஸ் மனநிலை பாதிக்கப்பட்டு இந்த மருத்துவரின் பராமரிப்பில்தான் இருந்தார்.

டர்னருடன் தாமஸ் கர்டின் என்ற இன்னொரு இளைஞர். இருவருக்கும் ஒரே வயது. கர்டின் பென்சிலில் கோடு போடுவார், டர்னர் வண்ணம் பூசுவார். மாலை 6 மணிக்குப் போனால் இரவு 10 மணி வரை வேலை. டர்னருக்குக் கூலி ஒரு மாலைக்கு மூன்றரை ஷில்லிங். ஏறக்குறைய மூன்று வருடம் இப்படிப் போனார்கள்.

இங்கே என் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. அந்த நாளில் ஓவியங்களுக்கு விலை பேசுவது கினியில். ஒரு கினி 21 ஷில்லிங். ஆறு மாலைகள், அதாவது 24 மணி நேரம் வேலை செய்தால்தான் டர்னருக்கு ஒரு கினி கிடைத்திருக்கும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கர்டின் 1802-ல் 27 வயதிலேயே இறந்துவிட்டார். அதே ஆண்டு டர்னர் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். வயது 26. இதற்கிடையில் 1800-ல் அம்மாவைப் பெத்லம் மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்தது. நான்கு வருடத்தில் அவர் காலமானார். தலைமுடிக்குப் போடும் மாவுக்கு அரசாங்கம் 1795-ல் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்ததும், அந்த நாகரிகமே படுத்துவிட்டது. அப்பாவின் தொழிலும் அதோடு சரிந்தது. பின்னாளில் அவர் மகனுக்கே உதவியாளரானார். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, அடிப்பூச்சு பூசுவது, கடைசியில் வார்னிஷ் அடிப்பது எல்லாம் அவர் வேலை. டர்னரின் படங்களை அப்பாதான் தொடங்குவார், அப்பாதான் முடிப்பார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம்.

வாட்டர்கலரில் நேரம் எங்கே போகிறது?

எண்ணெய் வண்ணத்தில் தவறு செய்தால் மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்கலாம். வாட்டர்கலரில் வண்ணம் கண்ணாடி போல. அடியில் இருக்கும் தாளின் வெண்மைதான் வெளிச்சமாகத் தெரிகிறது. அதனால் எங்கே வண்ணம் பூசக் கூடாது என்பதை முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. காயும் முன் தொட்டால் கலங்கிவிடும். வேண்டுமென்றே கலங்கவிடுவதென்றால் சரியான ஈரத்தில் செய்ய வேண்டும். அந்தப் பதம் நிமிடக் கணக்கில்தான் நிற்கும். நம் வீட்டில் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும்.

இந்தக் காயும் நேரத்தை டர்னர் எப்படிச் சமாளித்தார் என்பதை நேரில் பார்த்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார். டர்னரிடம் நாலு பலகைகள் இருந்தன. பின்பக்கம் கைப்பிடி வைத்த பலகைகள். தாளை ஒட்டிய பலகையை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார். ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைச் சொட்டவிட்டு ஓடவிடுவார். அதைக் காயவைத்துவிட்டு இரண்டாவது பலகை, பிறகு மூன்றாவது, நாலாவது. நாலாவதை முடிக்கும்போது முதல் பலகை அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கும். சமையலறையில் நாலு அடுப்பில் நாலு பாத்திரம் வைத்துச் சமாளிப்பது மாதிரிதான்.

பிறகு ஈரத் தூரிகையால் வண்ணத்தைத் துடைத்து எடுப்பார், ரொட்டித் துண்டால் ஒற்றி எடுப்பார், கத்தியாலும் தூரிகைக் காம்பாலும் சுரண்டி வெள்ளைக் கோடுகளை வெளியே கொண்டுவருவார். இதற்காகவே கட்டை விரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார். இவ்வளவையும் தாங்கிய தாளையும் பாராட்ட வேண்டும். வாட்மன் என்பவரின் ஆலைத் தாள் நன்றாகப் பசையேற்றியது, தேய்த்தாலும் கிழியாது.

காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவே

டர்னரின் வாழ்க்கையில் எல்லோரும் சொல்லும் சம்பவம் 1818-ல் நடந்தது. யார்க்‌ஷயரில் ஃபார்ன்லி ஹால் என்ற மாளிகை. அதன் சொந்தக்காரர் வால்டர் ஃபாக்ஸ் டர்னருக்கு நெருங்கிய நண்பர். டர்னர் வருடா வருடம் அங்கே போய்த் தங்குவார். ஒருநாள் காலை உணவின்போது ஃபாக்ஸ், ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் புரிகிற மாதிரி ஒரு படம் வரைந்து தரும்படி கேட்டார். யார்க்‌ஷயரின் அந்தப் பகுதியில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை.

டர்னர் வேலை செய்யும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். அன்று மட்டும் ஃபாக்ஸின் மகன் ஹாக்ஸ்வர்த்தைக் கூட அழைத்துக்கொண்டார். அந்த மகன் சொல்லித்தான் உலகத்துக்கு இந்தக் கதை தெரியும். முதலில் தாள் ஊறும்வரை வண்ணத்தைக் கொட்டினார். பிறகு வெறி பிடித்தவர் போலச் சுரண்டினார், கிழித்தார், தேய்த்தார். பார்க்க ஒரே குழப்பம். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழப்பத்திலிருந்து கப்பல் எழுந்து வந்தது. மதிய உணவுக்குள் படம் தயார். ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

படம் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், ஒன்றேகால் அடிக்குச் சற்றே கூடுதலான அகலம். முதல் தரப் போர்க்கப்பல், அதாவது நூறு பீரங்கிகளும் அதற்கு மேலும் சுமக்கும் கப்பல், மலைச்சுவர் மாதிரி நிற்கிறது. அதன் காலடியில் சரக்கு ஏற்ற வந்த சிறிய படகுகள். பீரங்கித் துளைகள், கயிறுகள், அலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இன்று அது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகர ஹிகின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று மணி நேரம் என்றதும் எனக்கு நம் வேப்பமரப் படம்தான் நினைவுக்கு வந்தது. டர்னரின் குறிப்பேடுகளைப் பற்றிப் படித்தபோது என் கணக்கு தடுமாறியது. சிறுவயதில் தேம்ஸ் நதிக்கரையிலும் மார்கேட் கடற்கரையிலும் கப்பல் பார்த்து வளர்ந்தவர் அவர். 1805-ல் டிரஃபால்கர் போரில் இறந்த நெல்சனின் உடலோடு விக்டரி கப்பல் திரும்பி வந்தபோது, அதில் ஏறி மேல்தளத்தை நுணுக்கமாக வரைந்து வைத்தார். கண்காட்சியில் அவர் வைத்த முதல் எண்ணெய் ஓவியமே இரவுக் கடலில் மீனவர்கள். அன்று ஃபார்ன்லியில் அவருக்குப் பார்த்து வரையக் கப்பல் தேவைப்படவில்லை. 43 வயது வரை பார்த்த கப்பல்கள் எல்லாம் கைக்குள் இருந்தன.

இதே வீட்டில் 1810 வாக்கில் இன்னொன்றும் நடந்தது. பள்ளத்தாக்கின் மேல் இடியும் மின்னலுமாக மழை. டர்னர் ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் அவசரமாகக் குறித்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து இதைப் பார்ப்பாய், ஹானிபல் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் படமாக இருக்கும் என்று ஹாக்ஸ்வர்த்திடம் சொன்னார். 1812-ல் அந்தப் பெரிய எண்ணெய் ஓவியம் சொன்னபடியே கண்காட்சிக்கு வந்தது. ஒரு கப்பலுக்கு மூன்று மணி, ஒரு மழைக்கு இரண்டு வருடம்.

பதினைந்துக்கு ஒன்று

டர்னர் நேரத்தைக் கணக்குப் பார்க்காதவர் என்று நினைத்தால் தவறு. 1819-ல் இத்தாலிக்குப் போனபோது நேப்பிள்ஸில் அவர் பென்சிலில் வரைவதைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். ரோமில் ஓர் இளம் ஓவியர், வெளியே போய் வண்ணம் பூசி வரையச் சேர்ந்து வரலாமா என்று கேட்டார். ஒரு வண்ணப் படம் வரையும் நேரத்தில் 15, 16 பென்சில் படங்கள் வரைந்துவிடலாம் என்பது அவர் பதில். அந்த ஒரே பயணத்தில் ஏறத்தாழ 20 குறிப்பேடுகளை நிரப்பினார். வண்ணத்தை அறையில் உட்கார்ந்து, சில சமயம் பல வருடம் கழித்துப் பூசுவார்.

எல்லா முயற்சியும் லாபமாக முடியவில்லை. சார்லஸ் ஹீத் என்பவருடன் சேர்ந்து இங்கிலாந்து, வேல்ஸ் காட்சிகளைச் செதுக்குப் படங்களாக வெளியிடும் திட்டம் 1820-களில் தொடங்கி 1838 வரை ஓடியது. டர்னர் சில நாட்களில் முடித்த வாட்டர்கலரை, செதுக்குபவர் தகட்டில் கோடு கோடாக வெட்ட மாதக் கணக்கில் ஆனது. 96 படங்கள் வந்ததும் திட்டம் நஷ்டத்தில் நின்றது. ஏலத்துக்கு வந்த தகடுகளையும் மிச்சப் பிரதிகளையும் டர்னரே 3,000 பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டார். யாரோ வாங்கி, தேய்ந்த தகட்டில் மட்டமான பிரதிகள் அடித்துத் தள்ளிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

80 கினி

1842-ல் டர்னருக்கு 67 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்து ஏரிகளைப் பார்த்து வரைந்த 15 மாதிரிப் படங்களை விற்பனை முகவர் தாமஸ் கிரிஃபித்திடம் கொண்டுபோனார். வாடிக்கையாளர் மாதிரியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதை முழுப் படமாக வரைந்து தருவார். விலை 80 கினி. எதிர்பார்த்தது பத்து ஆர்டர். பழைய வாடிக்கையாளர்களே தயங்கினார்கள். படம் மங்கலாக இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை என்றார்கள். சிரமப்பட்டு ஒன்பது ஆர்டர் சேர்ந்தது. பத்தாவதை கிரிஃபித்துக்குக் கமிஷனாகக் கொடுத்தார்.

இப்போது பழைய கணக்கை எடுங்கள். 80 கினி என்றால் 1,680 ஷில்லிங். மாலைக்கு மூன்றரை ஷில்லிங் வாங்கிய பையன் இந்தத் தொகையைச் சம்பாதிக்க 480 மாலைகள் வேலை செய்ய வேண்டும். என்னைப் போன்ற ஒரு பொருளாளர் அன்று அங்கே இருந்திருந்தால், இத்தனை நாளில் முடிக்கிற படத்துக்கு 80 கினியா என்று கேட்டிருப்பார். கேட்டவர்களும் இருந்தார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று நீல ரிகி. லூசர்ன் ஏரிக்கு மேலே விடியற்காலையில் நீலமாக நிற்கும் மலை. 2006-ல் அது ஏலத்தில் 58 லட்சம் பவுண்டுக்குப் போனது. அது நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று டேட் அருங்காட்சியகம் நிதி திரட்டியது. 5 பவுண்டு கொடுத்தால் படத்தில் ஒரு தூரிகைத் தீற்றலை வாங்கியதாகக் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். 2007-ல் படம் டேட்டுக்கே வந்து சேர்ந்தது.

உயில்

1829-ல் அப்பா இறந்தது டர்னரை உடைத்துவிட்டது. 1825-ல் ஃபாக்ஸ் இறந்த பிறகு ஃபார்ன்லிக்கு அவர் போகவே இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு மகள்கள் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் மார்கேட்டில் விடுதி நடத்திய சோஃபியா பூத் என்ற பெண்மணியுடன் செல்சியில் நதியைப் பார்த்த ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். அக்கம்பக்கத்தார் அவரை ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி மிஸ்டர் பூத் என்றே நினைத்தார்கள். 1851 டிசம்பர் 19 அன்று அங்கே காலமானார். செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

வறுமையில் வாடும் முதிய ஓவியர்களுக்கு ஓர் இல்லம் கட்டச் சொல்லிப் பெரும் பணத்தை உயிலில் எழுதி வைத்திருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். 1856-ல் வழக்கு முடிந்தபோது பணத்தில் பெரும்பகுதி உறவினர்களுக்குப் போனது, ஓவியர் இல்லம் வரவேயில்லை. படங்கள் மட்டும் நாட்டுக்குக் கிடைத்தன. ஏறத்தாழ 300 எண்ணெய் ஓவியங்கள், தாளில் வரைந்தவை சுமார் 30,000. அந்த உயிலில் அவர் போட்ட கையெழுத்துதான் 20 பவுண்டு நோட்டில் நான் பார்த்தது.

ஜனவரி மாதம் மட்டும்

ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த டர்னரின் 38 வாட்டர்கலர்களை ஸ்காட்லாந்து தேசிய காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். 1900 முதல் அவை எடின்பரோவில் இருக்கின்றன. அவர் போட்ட நிபந்தனை, படங்களை ஆண்டுக்கு ஒரு மாதம், ஜனவரியில் மட்டும், இலவசமாகக் காட்ட வேண்டும். அங்கே ஜனவரியில் சூரிய வெளிச்சம் மிகக் குறைவு. வாட்டர்கலரை வெயில் தின்றுவிடும். அந்த ஒரு நிபந்தனையால் அந்தப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

இதைப் படித்ததும் எழுந்துபோய் நம் லாபியைப் பார்த்தேன். வேப்பமரப் படத்தைக் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறோம். மாலை 4 மணி முதல் 6 மணி வரை மேற்கு வெயில் அதன் மேல்தான் விழுகிறது. செக்யூரிட்டி தம்பியை அழைத்து அன்றே கழற்றி, நூலக அறையின் வடக்குச் சுவரில் மாட்டிவிட்டேன். இடம் மாறியதைக் கேட்டவர்களுக்கு இதுவே விளக்கம்.

இன்னொரு விஷயம். அந்த அம்மையாருக்குப் போன் செய்து, எத்தனை வருடமாக வரைகிறீர்கள் என்று கேட்டேன். 26 வருடமாம். வேப்பமரத்தை மட்டும் எத்தனை முறை வரைந்திருப்பார் என்பதற்கு அவரிடமே கணக்கில்லை. அன்று குறைத்த 1,000 ரூபாயை அவருக்கு அனுப்ப அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன். குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் என் கையிலிருந்து கொடுத்துவிடுவேன். பேரம் பேசியது நான், குழு இல்லை.